மூன்றாவது மாடியில் உரப்பானை: வைத்திருக்கலாமா, தூக்கிப் போடலாமா?

மாடிவீட்டுக்காரி:
சென்னையில் மூன்றாவது மாடி வீடு. புரட்டாசியில் உரம் தயாரிக்க மூன்றடுக்கு மண்பானை வாங்கி காய்கறித் தோல், டீத்தூள், மிஞ்சிய சோறு எல்லாம் போட்டு வந்தேன். ஐப்பசி மழை பிடித்ததும் ஒரே நாற்றம். கறுப்புத் தண்ணீர் வடிந்து, இரண்டாம் மாடி அக்கா காயப்போட்ட புடவையில் சொட்டிவிட்டது. மூடியைத் திறந்தால் கொழுத்த புழுக்கள். "குப்பைமேட்டை நடுவீட்டிலா வைப்பாய்?" என்கிறார் மாமியார். நிறுத்திவிடலாமா?

கணக்குப்பிள்ளை:
உங்கள் மாமியார் சொல்வதே சரி. காலையில் வாசலுக்கே வண்டி வருகிறது. ஈரக் குப்பையைத் தனியாகக் கொடுங்கள், மக்க வைப்பது அவர்கள் வேலை. அப்புறம், உங்களிடம் எத்தனை தொட்டி இருக்கிறது? ஒரு துளசிக்கும் இரண்டு ரோஜாவுக்கும் மாதம் எத்தனை கிலோ உரம் போடுவீர்கள்?

எருக்குழி:
பானையைத் தூக்கிப் போடாதீர்கள் அம்மா. நீங்கள் சொன்ன பட்டியலில் காய்ந்த பொருள் ஒன்றுகூட இல்லையே! காய்கறித் தோலில் பெரும்பகுதி தண்ணீர். காற்று நுழைய இடமில்லாவிட்டால் அது மக்காது, அழுகும். கரிச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறக்குறைய 30க்கு 1 என்று இருந்தால் நன்றாக மக்கும். தோலில் கரிச்சத்து 20க்கும் கீழே, சருகில் 50க்கும் மேலே. அதனால் ஒரு கை தோலுக்கு இரண்டு கை சருகு. சோற்றைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. அந்தக் கொழுத்த புழு அநேகமாக பிஎஸ்எஃப் எனும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுவாக இருக்கும். அந்த ஈ வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டில் வந்து மொய்க்காது. பார்க்கத்தான் அருவருப்பு.

கணக்குப்பிள்ளை:
மூன்றாவது மாடிக்குச் சாக்கு சாக்காகச் சருகு தூக்கச் சொல்கிறீர்களா? லிஃப்ட் இருக்கிறதா என்றாவது கேட்டீர்களா?

எருக்குழி:
ஒரு சாக்குச் சருகு அரிசி மூட்டை இல்லை சார். தெருவில் வாதாம் இலையைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறார்களே, அதைத்தான் கேட்டு வாங்கச் சொல்கிறேன். கொடுப்பவருக்கும் புகையில் நிற்கும் வேலை மிச்சம். மழைக்காலத்தில் காய்ந்த சருகு கிடைக்காது என்பது உண்மை. அப்போது தென்னை நார்க்கழிவுக் கட்டியை உதிர்த்துத் தண்ணீர் தெளிக்காமல் போடலாம். வண்டி வருகிறது என்கிறீர்கள். 2022 ஏப்ரலில் சென்னைக் குப்பையைக் கொட்டிய பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்ததே, மறந்துவிட்டதா? காற்றில்லாமல் புதைந்து அழுகும் ஈரக் குப்பையிலிருந்துதான் தீப்பிடிக்கும் மீத்தேன் வாயு வருகிறது.

கணக்குப்பிள்ளை:
எல்லாவற்றையும் கலந்து கொட்டியதன் விளைவு அது. நான் பிரித்துக் கொடுக்கத்தானே சொல்கிறேன்?

தெருக்கோடி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் தெருவில் பச்சை, நீலம் என்று இரண்டு தொட்டியில் பிரித்துத்தான் கொடுக்கிறோம். போன வாரம் இரண்டும் வண்டியில் ஒரே குவியலாக விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் வண்டிக்காரரிடம் கேளுங்கள். அவர் செய்த தப்புக்கு அந்த அம்மா வீட்டில் ஏன் புழு வளர்க்க வேண்டும்? 2016 திடக்கழிவு விதிகள்கூட 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகங்களை முடிந்தவரை தங்கள் இடத்திலேயே மக்க வைக்கச் சொன்னது. தனித்தனி வீட்டை இல்லை.

எருக்குழி:
விதி சொல்லாவிட்டால் செய்யக் கூடாதா சார்? செடித்தொட்டிக் கணக்கு மட்டும் நீங்கள் சொன்னது நியாயம். பத்துக் கிலோ தோல் போட்டால் கிடைப்பது சுமார் இரண்டு கிலோதான், ஆனால் எனக்கே வருடக் கடைசியில் மிஞ்சுகிறது. கீழே இருக்கும் வேப்பமரத்தடியில் கொட்டிவிடுகிறேன்.

மாடிவீட்டுக்காரி:
பானைக்கு அடியில் ஒரு தட்டு வைத்துவிட்டேன். புடவை அக்காவிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. நார்க்கழிவு போட்டு நான்கு நாளில் நாற்றம் பாதியாகக் குறைந்திருக்கிறது. புழு அப்படியேதான் இருக்கிறது. மாமியார் பால்கனிப் பக்கமே வருவதில்லை. தை வரை பார்க்கிறேன். கணக்குப்பிள்ளை சார், உரம் மிஞ்சினால் ஒரு பை அனுப்பவா?

கணக்குப்பிள்ளை:
என் வீட்டில் செடியே கிடையாது அம்மா.