தரம் பிரிப்பில் உங்கள் பிள்ளைக்கு என்ன நடந்தது?

கில்டேர் அப்பா:
மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. மகன் இங்கே அயர்லாந்தில் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் கேலிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். வசந்தத்தில் வழக்கம்போல, எந்த அணி எந்த டிவிஷன் என்று முடிவுசெய்யத் தரம் பிரிக்கும் ஆட்டங்கள் நடந்தன. எங்களை நான்காம் டிவிஷனில் போட்டார்கள். குறை இல்லை, நாங்கள் அந்த அளவுதான். ஆனால் அந்த ஆட்டங்கள் மூன்றிலும் தோற்ற இன்னோர் அணியும் எங்களோடு வந்து சேர்ந்தது. லீக் தொடங்கிய இரண்டாம் வாரம் அவர்கள் எங்கள் மைதானத்துக்கு வந்தபோது, தரம் பிரிக்கையில் கண்ணிலேயே படாத நான்கு பையன்கள் ஜெர்சி போட்டு நின்றார்கள். நால்வரும் என் தோளுயரம். 7-14 என்று முடிந்தது, அதாவது ஏழு கோல், குறுக்குக் கம்பத்துக்கு மேலே பதினான்கு; கோலுக்கு மூன்று, மேலே போனதற்கு ஒன்று வீதம் பார்த்தால் 35. நாங்கள் 0-3.

தோல்வி போகட்டும். எங்கள் மைதானத்தில் ஒரு பக்கக் கம்பத்துக்குப் பின்னால் பந்தைத் தடுக்கும் வலை கிடையாது. பள்ளமும் நெட்டில் புதரும்தான். நம் ஊர்ச் செந்தட்டி போலச் சுணைக்கும். குறுக்குக் கம்பத்துக்கு மேலே போகும் ஒவ்வொரு பந்தும் அதற்குள்தான் விழும். மகன் ஒவ்வொரு தடவையும் ஓடி இறங்கி எடுத்து வந்தான். பதினோராவது தடவை ஓடவில்லை, நடந்தான். அப்போது, அவனைத் தாண்டி நான்கு கோல் போட்டிருந்த பையன் யாரும் சொல்லாமலே பள்ளத்தில் குதித்துப் பந்தை எடுத்து வந்து கொடுத்தான். அவன் கால் முழுக்கச் சிவந்து தடித்துவிட்டது. மகன் அங்கேயே, சுணைப்புக்குத் தேய்க்கும் டாக் இலையைப் பறித்துக் கொடுத்தான். இருவரும் கம்பத்தடியில் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லைக்கோட்டிலிருந்து அவர்களுடைய பயிற்சியாளர், "மேலே வா, மேலே வா, இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது!" என்று கத்தினார். அந்தக் குரல்தான் காதில் நிற்கிறது.

டப்ளின் பயிற்சியாளர்:
அண்ணா, அது நான் இல்லை. ஆனால் அந்த வேலையை நானும் ஒரு தடவை செய்திருக்கிறேன்.

எங்கள் கிளப்பில் அந்த வயதுக்கு மூன்று அணி. நான் இரண்டாவது அணிக்கு உதவியாளர், மாலை வேலை முடிந்து வரும் தன்னார்வலன். தரம் பிரிக்கும் ஆட்டத்துக்கு முன் மூத்தவர் ஒருவர் தோளில் கை போட்டு, "அந்த நடுக்களப் பையனை இன்று உட்காரவை, கீழ் டிவிஷன் கிடைத்தால் கோப்பை நமக்குத்தான்" என்றார். உட்காரவைத்தேன். இரண்டாம் பாதியில் மழையில் நனைந்தபடி அவன் வந்து, "நான் ஏதாவது பயிற்சிக்கு வராமல் இருந்துவிட்டேனா?" என்று கேட்டான். "உன் முழங்காலுக்கு ஓய்வு வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். அவன் குனிந்து இரண்டு முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தான். எந்தக் காலைச் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான். கோப்பை வாங்கினோம். இன்றைக்கும் பயிற்சிக்கு வந்தவுடன் என்னிடம், "முழங்கால் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடத் தொடங்குகிறான்.

ஆனால் ஒன்று. அந்த நான்கு பையன்கள் ஒளித்துவைக்கப்பட்டவர்கள் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? அதே நாளில் ஹர்லிங் என்ற மட்டைப் பந்தாட்டமும் சாக்கரும் ரக்பியும் இருக்கும். பாதிப் பேர் அங்கே போயிருப்பார்கள். பிப்ரவரியில் குட்டையாக இருந்தவன் ஜூனில் கதவு நிலையில் தலை இடிக்கிறான். மூன்று ஆட்டத்தை வைத்து ஒரு பருவத்தைத் தீர்மானிப்பதுதான் கோளாறு.

மேற்கே ஒரு செவிலியர்:
பயிற்சியாளர் தம்பி, மூன்று அணியில் யாரை உட்காரவைப்பது என்பது உங்கள் கவலை. எங்களுக்கு ஓர் அணிக்கே ஆள் கிடையாது. பக்கத்து லீட்ரிம் மாவட்டத்தில் மொத்த மக்கள்தொகை சுமார் 35 ஆயிரம். உங்கள் டப்ளினில் 14 லட்சத்துக்கு மேல். இரண்டுக்கும் ஒரே அளவுகோலா?

எங்கள் தேவாலயப் பங்கும் பக்கத்துப் பங்கும் சேர்ந்து ஒரு பிள்ளைகள் அணி. பெரியவர்கள் ஆட்டத்தில் இந்த இரண்டு பங்கும் ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். முதல் ஆட்டத்துக்கு இரவல் ஜெர்சி, காலுறை மட்டும் அவரவர் கிளப்பின் நிறம். பக்கத்துப் பங்குப் பையன் ஒரு கோல் போட்டான். என் அருகில் நின்ற எங்கள் ஊர்ப் பெரியவர், எங்கள் கிளப் தொப்பி போட்டவர், கை தட்டுவதற்காகக் கையை உயர்த்தினார். யார் போட்டது என்று தெரிந்ததும் கை பாதியில் நின்றுவிட்டது. அப்படியே தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அந்தப் பையன் அவரைப் பார்த்துவிட்டான். அவனை அன்று காரில் ஏற்றி வந்தது நான்தான், வழியெல்லாம் பேசவில்லை.

இரண்டு கிளப் சேர்ந்தால் பலம் இரட்டிப்பு என்று எங்களை மேலே ஏற்றி வேறு விட்டார்கள். சேர்ந்தது பலத்தினால் இல்லை, ஆள் இல்லாததால். நோயாளிக்கு இரண்டு ஊன்றுகோல் இருப்பதைப் பார்த்து ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புவது போன்றது இது.

கார்க் மாமா:
என் தங்கை மகன் டிசம்பர் 29-இல் பிறந்தவன். இங்கே வயதுக் கணக்கு ஜனவரி 1-இல் தொடங்குவதால், ஏறக்குறைய ஒரு வயது மூத்தவர்களோடு நிற்கிறான். மூன்று நாள் தாமதித்துப் பிறந்திருந்தால் அணித் தலைவன். என் கதை இவ்வளவுதான்.

இனி எல்லோரும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில், பருவத்தின் நடுவில் இன்னொரு தடவை தரம் பிரிக்கச் சொல்லிக் கிளப் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் தேநீரோடு கரைந்துவிடும். பெரிய கிளப்புகள் முதல் அணி ஆட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியலைப் பருவத் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும், அதில் இருப்பவன் கீழ் அணிக்கு இறங்கக் கூடாது. அதை யாராவது சரிபார்க்கவும் வேண்டும். பட்டியல் கொடுத்தால் போதாது. ஆட்டம் கைமீறிப் போனால் முன்கள ஆட்டக்காரனைப் பின்களத்தில் நிறுத்துங்கள், பின்களத்தவன் கோல் போட்டுப் பழகட்டும். தோற்கும் அணிக்கு ஓர் ஆளைக் கூடுதலாகக் கொடுங்கள்.

தரம் பிரிப்பதே தவறு என்று சிலர் சொல்வார்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். டப்ளின் 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு தடவை, மாவட்ட அணிகள் மோதும் அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றது. சிறிய மாவட்டங்கள் ஒவ்வோர் ஆண்டும் வந்து அடிவாங்கிப் போயின. 2022-இல் இரண்டாம் தர அணிகளுக்கென்று டால்ச்சன் கோப்பை வந்தது, வெஸ்ட்மீத் வென்றது, அந்த ஊர் எப்படிக் கொண்டாடியது என்று பார்த்திருப்பீர்கள். பெரியவர்களுக்கே தரம் பிரிப்பு வேண்டியிருக்கிறது. அப்புறம் சாப்பாடு. காலையில் பாலில் ஊறிய கார்ன்ஃபிளேக்ஸ் கொடுத்து அனுப்பினால் எந்த டிவிஷனிலும் நிற்க முடியாது. கேழ்வரகுக் கூழ், இரண்டு முட்டை. ஆட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பு. முந்தின இரவு ஒன்பது மணிக்குப் படுக்கை.

மீத் அம்மா:
கார்க் ஐயா, கேழ்வரகு எங்கிருந்து வந்தது? அந்தச் சகோதரி காரில் பேசாமல் வந்த பிள்ளையைப் பற்றிச் சொல்கிறார்.

என் மகளுக்குப் பதினொன்று. பன்னிரண்டு வரை ஆண், பெண் கலந்துதான் ஆடுகிறார்கள், கோ கேம்ஸ் முறை. எல்லோருக்கும் முழு ஆட்டமும் களத்தில் இடம், மதிப்பெண் பலகை இல்லை, முடிவை எங்கும் போடுவதில்லை. அருமையான ஏற்பாடு என்று நானும் மெச்சிக்கொண்டிருந்தேன். அவள் இடது மணிக்கட்டில் எப்போதும் ஏழெட்டுத் தலைமுடி ரப்பர் போட்டிருப்பாள். சடை அவிழ்ந்தால் கட்டுவதற்கு என்று நினைத்தேன். போன மாத ஆட்டத்தில் கவனித்தேன்: எதிரணி கோல் போடும்போதெல்லாம் ஒரு ரப்பரைக் கழற்றி வலது கைக்கு மாற்றுகிறாள். கடைசி விசில் அடித்தபோது இடது கையில் ஒன்றும் மிச்சமில்லை. நடுவர் வந்து, "எல்லோரும் வென்றீர்கள்" என்றார். மகள் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

டப்ளின் பயிற்சியாளர்:
செவிலியர் அக்கா, ஊன்றுகோல் உவமை சரி. எங்கள் பக்கம் இருந்தால் இது புரியாது. கார்க் மாமா சொன்ன பட்டியல் யோசனையும் சரிதான். அந்தப் பட்டியலை எழுதுவதும் என்னைப் போன்ற ஓர் ஆள்தானே.

கில்டேர் அப்பா:
பயிற்சியாளரே, நீங்கள் கேட்டதற்காக விசாரித்தேன். நான்கு பேரில் இருவர் உண்மையாகவே ஹர்லிங் ஆட்டத்துக்குப் போயிருந்தார்களாம். மற்ற இருவரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை மறு ஆட்டம், அவர்கள் மைதானத்தில். மகன் வர மாட்டேன் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அங்கே இரு பக்கக் கம்பங்களுக்குப் பின்னாலும் பெரிய வலை கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் நேற்று இரவு கையுறைகளைக் கழுவிக் காயப்போட்டான். பைக்குள் டாக் இலையும் இரண்டு வைத்திருக்கிறான்.