ஏரிக்குக் கீழே பழைய வீடு, சமையலறை மூலையில் வெடிப்பு. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

காட்பாடிவாசி:
வணக்கம். காட்பாடி பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். 1998-ல் கட்டியது, பின்பக்கச் சமையலறை மட்டும் பிறகு இழுத்துக் கட்டியதாம். வீடு முழுக்கப் பழைய சுண்ணாம்பு. சமையலறை ஜன்னல் மூலையில் மட்டும் புதுப் பட்டி, புதுப் பெயிண்ட். அதையும் மீறி வெடிப்பு படிக்கட்டு மாதிரி மேலே ஏறுகிறது. பின்கதவு நிலையில் இடிக்கிறது. "வேலூர் வெயிலுக்கு எந்தச் சுவர் சார் வெடிக்கலை?" என்கிறார் புரோக்கர். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கேட்கிறார்கள். கடைக்காலைச் சோதிக்க யாரைக் கூப்பிடுவது?

மேஸ்திரி மகன்:
வெடிப்புக்குள் ஏடிஎம் கார்டு நுழையுதா? அகலம் மேலேயா கீழேயா? வெளிச்சுவரிலும் அதே இடத்தில் இருக்கா? வெறும் பூச்சு வெடிப்பு என்றால் வலை மாதிரி பரவி மேலோடு நின்றுவிடும்.

காட்பாடிவாசி:
மேலே தாராளமாக நுழைகிறது, கீழே மயிரிழைதான். வெளியிலும் இருக்கிறது. பத்தடிக்குள் பெரிய வேப்பமரம் வேறு.

சிவில் வேலூர்:
மேலே அகலம் என்றால் பெரும்பாலும் அந்த மூலை இறங்குகிறது. ஏரிப் பாசன நிலத்தில் களிமண் இருந்தால் சித்திரையில் சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். வேர் ஈரத்தை இழுத்தால் சுருக்கம் இன்னும் கூடும். பழைய புல எண்ணைப் போட்டு அ-பதிவேட்டை (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) பாருங்கள். நன்செய்யா புன்செய்யா என்பதோடு "மண் வயனமும் ரகமும்" என்று மண் வகையைச் சொல்லும் ஒரு வரியும் இருக்கும்.

புரோக்கர் அனுப்பும் ஆள் வேண்டாம். நீங்களே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிப் போங்கள். ஓனரிடம் கேட்டு, பழைய சுவரை ஒட்டி ஒன்று, சமையலறைச் சுவரை ஒட்டி ஒன்று என இரண்டு சின்னக் குழி. கடைக்காலின் அடி கண்ணில் படணும், அவ்வளவுதான். சுவர் நீளத்துக்கும் தோண்டிவிடாதீர்கள். ட்யூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்துத் தரை எந்தப் பக்கம் சரிகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பாகாயம் அக்கா:
நான் இதெல்லாம் பார்க்காமல் வாங்கி, மழைக்கு மழை பட்டி பூசுகிறேன். தம்பி, மரத்தை மட்டும் அவசரப்பட்டு வெட்டிடாதீங்க. எங்கள் வீட்டில் வெட்டின பிறகு மண்ணில் ஈரம் திரும்பி, தரை மேலே எழும்பியது. அது தனிக் கூத்து.

காட்பாடிவாசி:
தோண்டியாச்சு. பழைய வீட்டுக்கு கருங்கல் கட்டு, நாலரை அடி. சமையலறைக்கு ஒன்றரை அடி செங்கல். அதற்குக் கீழே கொட்டின மண். ஓட்டுத் துண்டும் ஒரு பால் கவரும் கூட வந்தது. பழைய பகுதி கெட்டியாக இருக்கிறது, சமையலறையை இடித்து, பழைய சுவரோடு ஒட்டாமல் இடைவெளி விட்டுத் தனிக் கடைக்காலில் கட்டுங்கள் என்றார் இன்ஜினியர். அந்தச் செலவை விலையில் கழிக்கக் கேட்டோம். ஓனர் பாதிக்குத்தான் இறங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை போய்விட்டது, வேறு யாரும் அட்வான்ஸோடு வரவில்லை.

மேஸ்திரி மகன்:
குழியை அரையடி அரையடியாக மண் போட்டு இடித்து மூடச் சொல்லுங்க அண்ணா. சும்மா தள்ளிவிட்டால் மழைத் தண்ணி அங்கேதான் இறங்கும்.

காட்பாடிவாசி:
சரி. மூடுவதற்கு முன் ஓனரே வந்து குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இதைக் கட்டினவன் எனக்கு மூணடின்னு கணக்குப் போட்டுக் காசு வாங்கினான்" என்றார்.