ஸ்லை - ராபி ஜோடி: பேஸும் ட்ரம்ஸும் எப்படி இப்படி ஒட்டுது?

தக்கலை_பேஸ்:
நான் தக்கலை பக்கம் ஒரு சர்ச் கொயர்ல பேஸ் கிட்டார் வாசிக்கேன், ஆறு மாசமா ஜமைக்கா நாட்டு ரெகே பாட்டு கிறுக்கு புடிச்சு கெடக்கேன். அங்க உள்ள ட்ரம்மர் ஸ்லை டன்பார், பேஸ் வாசிக்க ராபி ஷேக்ஸ்பியர் ரெண்டு பேரும் வாசிச்சா ஒரே ஆளு வாசிக்க மாதிரி இருக்கு. எனக்கும் எனக்க ட்ரம்மருக்கும் அது வரவே மாட்டேங்கு, அவன் ரோல் போட்டு ட்ரம்ஸை உருட்டுனா நானும் கூடவே ஓடுதேன், கடைசில பாட்டு எங்கயோ போயிருது. எதுலேர்ந்து கேக்க ஆரம்பிக்கணும், என்னத்த கவனிக்கணும்?

மார்த்தாண்டம்_தாளம்:
மக்கா, மைட்டி டைமண்ட்ஸ்ங்க பாட்டு குழுவோட ரைட் டைம் ஆல்பம், 1976, ஜமைக்கா கிங்ஸ்டன்ல சேனல் ஒன் ஸ்டுடியோ, ஸ்லையும் ராபியும் வாசிச்சது. அங்க ஆரம்பி. அதுக்கு முன்னாடி ரெகேல பெரும்பாலும் ஒன் டிராப்ங்க தாளம் தான், நாலு அடியில முதல் அடி காலியா கெடக்கும், மூணாவதுல கிக்கும் (காலால மிதிக்க பெரிய ட்ரம்) ஸ்னேரும் (குச்சியால அடிக்க சின்ன ட்ரம்) சேந்து விழும். ஸ்லை கிக்கை கூட்டி, ஸ்னேர்ல பட்டாளத்து மேளம் மாதிரி அடிச்சு அதை முன்னால தள்ளுனாரு, ராக்கர்ஸ்னு பேரு வந்துச்சு. இப்ப ராபியை கேளு. ட்ரம்ஸ் அவ்ளோ பரபரன்னு போவும்போ அவரு ஓட மாட்டாரு, ரெண்டு மூணு நோட்டை போட்டுட்டு சும்மா இருப்பாரு, அந்த சும்மா இருக்க எடத்துல தான் ஸ்லை கேக்குது. நம்ம ஊர் திருவிழாவுல செண்டமேளம் பாத்திருப்ப, முன்னால நிக்கவன் உருட்டும்போ பின்னால வீக்கன் செண்டை அடிக்கவன் தாளக் கணக்க விடவே மாட்டான், கிட்டத்தட்ட அதே வேலை தான், ஆனா ராபியோட பேஸை தனியா முணுமுணுத்தாலே ஒரு பாட்டு இருக்கும். பாப் மார்லியோட வெய்லர்ஸ் பேண்ட்ல பேஸ்காரர் ஆஸ்டன் பாரெட் கிட்ட படிச்ச ஆளுல்லா.

குளச்சல்_கடல்காத்து:
ரெகேயோட நிறுத்திராதீங்க அண்ணே. ஸ்லையும் ராபியும் ரெகே பாடகர் பீட்டர் டாஷ் கூட ஊர் ஊரா வாசிச்சு, டாக்ஸின்னு சொந்த ரெக்கார்டு லேபிள் வச்சு, பிளாக் உஹுருங்க ரெகே பேண்டை தூக்கி விட்டாங்க, அந்த பேண்டோட ஆந்தம் ஆல்பத்துக்கு தான் 1985ல ரெகேக்குன்னு குடுத்த முதல் கிராமி. இதுக்கு நடுவுல பஹாமாஸ்ல நசாவுல பாடகி கிரேஸ் ஜோன்ஸுக்கு 1981ல நைட்கிளப்பிங் ஆல்பம், 1983ல பாப் டிலனோட இன்ஃபிடல்ஸ். பாடுற ஆளு யாரா இருந்தாலும் அடியில இவங்க தான்னு தெரிஞ்சிரும். எனக்கு ரொம்ப புடிச்சது 90கள்ல சாக்கா டீமஸ் அண்ட் ப்ளையர்ஸ்ங்க ஜமைக்கா பாடகர் ஜோடிக்கு போட்ட அடி, தபலா உருளுற மாதிரி இருக்கும், மொதல்ல கேட்டப்போ நம்ம பக்கத்து ஆளுவன்னே நெனச்சேன். ராபி 2021 டிசம்பர்ல போயிட்டாருன்னு கேட்ட அன்னைக்கு ராத்திரி முழுக்க நைட்கிளப்பிங் தான் ஓடுச்சு.

தக்கலை_பேஸ்:
ரைட் டைம் நாலு தடவ கேட்டாச்சு, நீங்க சொன்ன அந்த சும்மா இருக்க எடம் இப்ப தான் காதுல விழுது. சனிக்கிழமை பிராக்டீஸ்ல அவன் ரோல் போடும்போ ஒத்த நோட்டை புடிச்சு நிக்கப் போறேன்.

மார்த்தாண்டம்_தாளம்:
நோட்டை எப்ப விடுதன்னும் பாரு மக்கா. அவனுக்க ஸ்னேர் விழுததுக்கு முன்னால கையால கம்பிய அமத்திரு.