எக்ஸாஸ்ட் ஃபேனை ஆஃப் செய்தால் யுஎஸ்பி துண்டிக்கிறது: ஸ்னப்பரை எங்கே போடுவது?

வணக்கம். கணினியில் யுஎஸ்பி வழியாக ஆர்டுயினோ நானோ (சிறு கண்ட்ரோலர் போர்டு), அதிலிருந்து 4 சேனல் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) போர்டு, நான்கு பிளக் பாயிண்ட். ஃபேஸ் மட்டும் ரிலே வழியாகப் போகிறது. பல்பு, சார்ஜருக்குப் பிரச்சினையே இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேனை ஆஃப் செய்தால் மட்டும் 'டிக்' சத்தத்தோடு காம் போர்ட் (கணினியில் தெரியும் நானோவின் இணைப்பு) மறைகிறது; கேபிளைப் பிடுங்கிச் செருகினால்தான் திரும்பும்.

ரிலே ஒவ்வொன்றும் 70 மில்லியாம்பியர் இழுப்பதால், ஜேடி-விசிசி ஜம்பரை (ரிலே காயிலின் சப்ளையை நானோவின் சப்ளையோடு இணைப்பது) கழற்றிவிட்டுத் தனி 5 வோல்ட் அடாப்டரும் கொடுத்தாயிற்று. பலனில்லை. காண்டாக்ட் பிரியும்போது எழும் தீப்பொறியின் இரைச்சல்தான் காரணம் என்று படுகிறது.

தீப்பொறியை அடக்க ஸ்னப்பர் போடலாம்: 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் தொடராக (மெயின்ஸ் மின்சாரத்துக்கான 275 வோல்ட் எக்ஸ்2 ரகக் கெபாசிட்டர்தான், சாதாரணமானது வெடிக்கலாம்). ஆனால் காண்டாக்டுக்குக் குறுக்கே போட்டால் ஆஃபிலும் 7 மில்லியாம்பியர் கசியும், அந்தப் பாயிண்டில் எல்இடி பல்பு போட்டால் மினுக்கும். ஃபேன் முனைகளில் போட்டால் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன். யுஎஸ்பி ஐசொலேட்டர் (கணினியையும் நானோவையும் மின்ரீதியாகப் பிரிக்கும் கருவி) பட்ஜெட்டில் அடங்காது.