பி450 போர்டில் ஆர்எக்ஸ் 6600 பாதி வேகத்தில்தான் ஓடுமா?

தறிக்காரன்:
வணக்கம். 2018 இறுதியில் வாங்கிய கணினி என்னுடையது: ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி), 1080பி மானிட்டர். சைபர்பங்க் 2077 ஆட்டம் திணறுகிறது. கையில் 25,000 ரூபாய் இருப்பதால் ஆர்எக்ஸ் 6600 கார்டு வாங்க முடிவு செய்திருந்தேன். ஆனால், "அந்தக் கார்டுக்கு எட்டு லேன்தான் (போர்டோடு தரவு பரிமாறும் தடங்கள்), பழைய போர்டில் பாதி வேகம் போய்விடும், முதலில் போர்டை மாற்ற வேண்டும்" என்று கோட்டைமேடு அவர்கள் வேறோர் இழையில் எழுதியதைப் படித்த பிறகு தயங்கி நிற்கிறேன். எதை முதலில் மாற்றுவது?

வைகைக்கரையான்:
தறிக்காரன், கார்டையே முதலில் வாங்குங்கள். இந்தப் "பாதி வேகம்" என்ற பேச்சை இன்னும் எத்தனை இழைகளில் படிப்பது என்று தெரியவில்லை. இதை நம்பிப் பணத்தைத் தவறான இடத்தில் போட்டவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன் கார்டு என்பது உண்மை. பி450 போர்டில் கார்டைச் செருகும் பிசிஐஇ இணைப்பு 3.0 தலைமுறை என்பதும் உண்மை. எட்டு லேனில் 3.0 தருவது நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி, அடுத்த தலைமுறையான 4.0 தருவது ஏறத்தாழ 16 ஜிபி. ஆனால் அது பிராசசருக்கும் கார்டுக்கும் நடுவே உள்ள பாதையின் அளவே தவிர, கார்டு படம் வரையும் வேகம் அன்று. கார்டு தன் வேலையைத் தன்னிடமுள்ள 8 ஜிபி மெமரியிலிருந்து நொடிக்கு 224 ஜிபி வேகத்தில் எடுத்துச் செய்கிறது. அந்த மெமரி நிரம்பி வழியாத வரை, 1080பி ஆட்டங்களில் நடைமுறை இழப்பு சராசரியாகச் சில விழுக்காடுதான். 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பழைய போர்டுகளில் அடி வாங்கியதற்குக் காரணம், அதற்கு நான்கே லேன், மெமரியும் நான்கே ஜிபி. அந்தக் கார்டின் பழியை இந்தக் கார்டின் தலையில் கட்டுவது எந்த வகை நியாயம்?

கோட்டைமேடு:
வைகைக்கரையான் அவர்களுக்கு வழக்கம்போல் எல்லாம் தெரிந்திருக்கிறது. நொடிக்கு 16 ஜிபி போக வேண்டிய இடத்தில் 8 ஜிபி போகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். எட்டு என்பது பதினாறில் பாதி. இதற்கு மேல் நான் என்ன விளக்க வேண்டும்? பாட்டில்நெக் (ஒரு பாகம் மற்றவற்றைத் தடுக்கும் நெரிசல்) உள்ள கணினியில் எந்தக் கார்டைப் போட்டாலும் வீண். தறிக்காரனுக்கு என் யோசனை இதுதான்: இப்போது பி550 போர்டும் ரைசன் 5 5500 பிராசசரும் வாங்கி அடித்தளத்தைச் சரிசெய்யுங்கள், 1050 டிஐ இருக்கட்டும், கார்டை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

வைகைக்கரையான்:
ரைசன் 5 5500 என்று கைப்பட எழுதிவிட்டீர்கள் அல்லவா? அந்தப் பிராசசர் பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள சில்லு. அதை பி550 போர்டில் பொருத்தினாலும் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் லேன்கள் 3.0 வேகத்தில்தான் ஓடும். எந்தப் "பாதி வேகம்" போய்விடும் என்று அச்சுறுத்தினீர்களோ, அதே 3.0 பாதையை மீண்டும் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறீர்கள். 4.0 வேண்டுமென்றால் ரைசன் 5 5600 வாங்க வேண்டும். அதில் பிராசசருக்குள்ளேயே உள்ள வேக நினைவகமான எல்3 கேஷும் 32 எம்பி, 5500இல் 16 எம்பி மட்டுமே.

போர்டை மட்டும் மாற்றலாமா என்றால் அதுவும் முடியாது, ஏனெனில் பி550 போர்டுகள் ரைசன் 2000 வரிசையை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ஆக, இருக்கும் 25,000 ரூபாயில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டு, 2016இல் வந்த, 75 வாட்டுக்கு மேல் தொடாத 1050 டிஐயை வைத்துக்கொண்டு அவர் அதே திணறலைப் பார்க்க வேண்டும். சைபர்பங்க் 2077க்கு 2023இல் வெளியான குறைந்தபட்சத் தேவைப் பட்டியலைப் பாருங்கள்: ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, 12 ஜிபி ராம், எஸ்எஸ்டி, ரைசன் 5 1600. அவருடைய 2600 அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறது. கார்டும் ராமும்தான் கீழே கிடக்கின்றன.

கோட்டைமேடு:
5500 என்பது ஓர் எடுத்துக்காட்டு. 5600 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் என் வாதம் மாறிவிடாது. எட்டு என்பது பதினாறில் பாதிதான்.

நள்ளிரவு ஆட்டக்காரர்:
இருவரும் லேனை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். பதினாறு லேன் முழுமையாக உள்ள ஆர்எக்ஸ் 580 8 ஜிபி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கார்டாக மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. மிச்சப் பணத்தில் ராமும் எஸ்எஸ்டியும் வாங்கிவிடலாம்.

வைகைக்கரையான்:
நல்ல வேளையாக இதை எழுதினீர்கள், ஏனெனில் என் வாதத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடையாது. பதினாறு லேன் உள்ள ஆர்எக்ஸ் 580ஐ, அதே பி450 போர்டில், எட்டு லேன் உள்ள ஆர்எக்ஸ் 6600 எளிதாகப் பின்னுக்குத் தள்ளிவிடும். லேனை எண்ணி வேகத்தைச் சொல்ல முடியும் என்றால் இது எப்படி நடக்கிறது என்று கோட்டைமேடு சொல்லட்டும்.

580ஐப் பற்றித் தனியாகவும் ஒன்று. அது 185 வாட் கேட்கும், 6600 கேட்பது 132 வாட். ஏழெட்டு ஆண்டு ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வேறுபாடு சிறியதன்று. 580 சேர்ந்த போலாரிஸ் வரிசையின் டிரைவர்களை (கார்டை இயக்கும் மென்பொருளை) 2023இலேயே அதன் நிறுவனமான ஏஎம்டி தனியாகப் பிரித்து, அவசியமான திருத்தங்கள் மட்டும் என்ற நிலைக்குக் கொண்டுபோய்விட்டது. கிரிப்டோ நாணய மைனிங்கில் ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் ஓடிய கார்டை, விசிறி மாற்றி ஸ்டிக்கர் ஒட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

நள்ளிரவு ஆட்டக்காரர்:
பழைய கார்டு விற்பவர் எல்லாம் ஏமாற்றுக்காரர் என்பதுபோல் எழுத வேண்டாம். நான் வாங்கிய பழைய கார்டு இன்றும் ஓடுகிறது. புதிதாக வாங்க வசதியில்லாதவன் ஆட்டமே ஆடக் கூடாதா?

வைகைக்கரையான்:
நான் எழுதாததை என் வாயில் திணிக்காதீர்கள். வாரன்டி இல்லாத 580ஐ, வாரன்டியுள்ள 6600க்குக் கையில் பணம் வைத்திருக்கும் ஒருவருக்குப் பரிந்துரைக்காதீர்கள் என்றுதான் சொன்னேன்.

கோட்டைமேடு:
இவருடைய பரிந்துரைகளின் வரலாறு புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. சென்ற தீபாவளி சமயத்தில், "பி450 போர்டில் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்தால் போதும், ரைசன் 5000 வரிசையை அப்படியே பொருத்தலாம்" என்று இங்கே ஒருவருக்கு நம்பிக்கை ஊட்டினார். புதுப்பிக்கும்போது மின்சாரம் போய் அந்த மனிதரின் போர்டே உயிரை விட்டது. அதற்கு இன்றுவரை பொறுப்பேற்கவில்லை.

வைகைக்கரையான்:
அந்த இழையில் யூபிஎஸ் இல்லாமல் பயாஸைத் தொடக் கூடாது என்று நான் எழுதிய வரி இன்றும் இருக்கிறது. மின்வெட்டுக்கு நான் பொறுப்பல்லன். பி450 போர்டு பயாஸ் புதுப்பித்தலோடு 5600ஐ ஏற்கும் என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. பேச்சை அங்கே திருப்பினால் 5500 விவகாரம் மறந்துபோகும் என்று எண்ணுகிறீர்கள். நான் மறக்க மாட்டேன்.

தறிக்காரன்:
மன்னிக்கவும். கேபினெட்டைத் திறந்து பார்த்தேன். 1050 டிஐக்குத் தனியாக மின் இணைப்பு எதுவும் போகவில்லை. 6600க்கு எட்டு பின் இணைப்பு வேண்டும் என்கிறார்கள். என் எஸ்எம்பிஎஸ்ஸில் அது இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கம்பிவடம்:
தம்பி, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் வயர்களில் ஆறு பின்னும் அதன் பக்கத்தில் தனியாகத் தொங்கும் இரண்டு பின்னுமாக ஒரு கனெக்டர் இருக்கிறதா, அதன் மேல் பிசிஐஇ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான்கும் நான்குமாகப் பிரிவது பிராசசருக்கு உரியது. அதைக் கார்டில் செருகக் கூடாது. பழைய நான்கு பின் மோலெக்ஸ் வயரிலிருந்து மாற்றிக் கொடுக்கும் அடாப்டரையும் நம்ப வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று குறித்து இங்கே எழுதுங்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும். பாதுகாப்புக்கு அது உத்தரவாதமில்லை. ராமிலும் இரண்டாவது ஸ்டிக் போட்டு, இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் டூயல் சேனல் ஆக்கிவிடுங்கள்.

வைகைக்கரையான்:
கம்பிவடம் அண்ணன் சொன்னதைச் செய்யுங்கள், தறிக்காரன். நான் கோட்டைமேட்டிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் 'பஸ் இன்டர்ஃபேஸ்' என்ற கட்டத்தில் எத்தனை லேன், எந்தத் தலைமுறை என்று அதுவே காட்டும். பி450 போர்டில் 6600 ஓடும் ஏதேனும் ஒரு கணினியில், ஆட்டம் நடக்கும்போது ஜிபியு லோடு (கார்டின் வேலைச்சுமை) 50 விழுக்காட்டில் நின்றுவிடுவதாகவும், அதே பிராசசரை பி550 போர்டில் வைத்தால் 99க்கு ஏறுவதாகவும் ஒரு படம் போடுங்கள். ஜிபியு லோடு 99இல் நின்றால் கார்டு முழு வேகத்தில் உழைக்கிறது என்று பொருள். ரெசல்யூஷனைக் குறைத்தும் நொடிக்கு வரும் பிரேம் கூடாவிட்டால் பிராசசர் தடுக்கிறது என்று பொருள்; வலோரன்ட் போன்ற ஆட்டங்களில் 2600 தடுக்கத்தான் செய்யும், அதை நான் எங்கும் மறுக்கவில்லை. அது லேன் விவகாரம் அன்று.

கோட்டைமேடு:
பிராசசர் தடுக்கும் என்று அவரே ஒப்புக்கொண்டார், எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். இதைத்தானே அடித்தளம் என்றேன்?

வைகைக்கரையான்:
நீங்கள் சொன்னது லேன். பிராசசர் என்ற சொல்லை 5500ஐ வாங்கச் சொல்லும்போது மட்டும்தான் எழுதினீர்கள். மேலே சென்று உங்கள் பதிவுகளையே படித்துப் பாருங்கள். படம் எங்கே?

கோட்டைமேடு:
முதலில் அந்த பயாஸ் விவகாரத்துக்குப் பதில் வரட்டும், பிறகு படத்தைப் பற்றிப் பேசலாம். அதுவரை எட்டு என்பது பதினாறில் பாதிதான்.