டிஓ கல்லூரியில் மகளுக்கு இடம்: சேர்க்கலாமா, எம்டிக்குக் காத்திருக்கலாமா?

மிச்சிகன் அப்பா:
மகள் விண்ணப்பித்த எம்டி கல்லூரிகள் (அமெரிக்காவில் டாக்டராவதற்கான வழக்கமான பட்டம் எம்டிதான்) எல்லாம் கைவிரித்துவிட்டன. ஒரு ஆஸ்டியோபதிக் கல்லூரியில், அதாவது டிஓ படிப்புக்கு, இடம் வந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் "எலும்பு தட்டுகிற வைத்தியமா?" என்று கேட்கிறார்கள். சேர்க்கலாமா, அடுத்த வருடம் எம்டிக்குத் திரும்ப முயற்சி செய்யச் சொல்லலாமா?

வார்டு டாக்டர்:
சேர்த்துவிடுங்கள் சார். நான் எம்டி, மருத்துவமனையில் உள்நோயாளிகளைப் பார்க்கிறேன். கூட வேலை செய்பவர்களில் யார் டிஓ என்று பேட்ஜைப் பார்த்தால்தான் தெரியும். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் அவர்களுக்கு முழு உரிமம் உண்டு, மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். படிப்பில் கூடுதலாக இருப்பது கையால் தசை, மூட்டுகளைச் சரிசெய்யும் பயிற்சி, ஏறக்குறைய 200 மணி நேரம். 2020 முதல், பட்டம் வாங்கியபின் மருத்துவமனையில் செய்யும் ரெசிடென்சி பயிற்சிக்கும் இரண்டு பேருக்கும் ஒரே அங்கீகார அமைப்புதான்.

தேம்ஸ் கரை:
லண்டனில் ஆஸ்டியோபாத் என்பவர் டாக்டரே இல்லையே? முதுகுவலிக்குப் போனேன், மருந்து எழுதித்தர முடியாது என்றார்.

வார்டு டாக்டர்:
பிரிட்டனில் அது தனித் தொழில், 1993 சட்டத்தின் கீழ் தனிப் பதிவு. இங்கே டிஓ முழு மருத்துவர்.

ஆதாரம் எங்கே:
உரிமம் ஒன்று என்பதை யாரும் மறுக்கவில்லை. கேள்வி, அந்த 200 மணி நேரத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது. ஆஸ்டியோபதியைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874இல் இதை அறிவித்தபோது சொன்னது என்ன? எலும்பு இடம் மாறினால் ரத்த ஓட்டம் தடைப்படும், நோய் அதிலிருந்துதான் வருகிறது என்று. அதை இன்று யாரும் நம்பவில்லை, சரி. ஆனால் மண்டை ஓட்டு எலும்புகளின் அசைவை விரலால் உணர்ந்து சிகிச்சை தரலாம் என்கிற கிரேனியல் முறை இன்னும் பாடத்தில் இருக்கிறது, டிஓக்களுக்கான காம்லெக்ஸ் என்கிற உரிமத் தேர்வுக்காகப் படிக்கவும் வேண்டும். பெரியவர்களின் மண்டை எலும்புகளை அப்படி அசைக்கலாம் என்பதற்கு என்ன ஆதாரம்? முதுகுவலிக்குக் கைச்சிகிச்சை கொஞ்சம் உதவும் என்றால் ஏற்றுக்கொள்கிறேன், இதை ஏற்க முடியாது.

வார்டு டாக்டர்:
ஸ்டில் தன் பிள்ளைகள் மூன்று பேரை 1864இல் மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். அன்றைய டாக்டர்கள் பாதரச மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அந்தக் காலத்தை வைத்து எந்தப் படிப்பையும் எடைபோடாதீர்கள். பெரும்பாலான டிஓக்கள் வேலைக்கு வந்தபிறகு கைச்சிகிச்சை பக்கமே போவதில்லை. நோயாளிக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்: மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீட்டில் உள்ள, 65 வயதுக்கு மேற்பட்ட உள்நோயாளிகளை வைத்து 2023இல் ஓர் ஆய்வு வந்தது. 30 நாளுக்குள் இறப்பு எம்டி பார்த்தவர்களில் 9.4 சதவீதம், டிஓ பார்த்தவர்களில் 9.5. வித்தியாசமே இல்லை. கலிஃபோர்னியாவில் 1962இல் 65 டாலர் கட்டணத்தோடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டிஓக்களுக்கு எம்டி பட்டத்தையே கொடுத்தார்கள், அவர்கள் அதே நோயாளிகளை அதே மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆதாரம் எங்கே:
நீங்கள் சொல்வது என் வாதத்துக்குத்தான் பலம். கைச்சிகிச்சையை விட்டுவிட்டால் மிஞ்சுவது எம்டி படிப்பு என்றால், தனியாக இன்னொரு பட்டமும் இன்னொரு தேர்வும் எதற்கு? அதன் சுமை மாணவர் தலையில்தான் விழுகிறது. காம்லெக்ஸ் கட்டாயம், நல்ல ரெசிடென்சி வேண்டும் என்றால் பலர் எம்டி மாணவர்கள் எழுதும் உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இயும் எழுதுகிறார்கள். 2022இலிருந்து அதன் முதல் கட்டத்தில் மதிப்பெண்ணே கிடையாது, தேர்ச்சி மட்டும்தான், அதனால் இரண்டாம் கட்ட மதிப்பெண்ணுக்கு உயிரைக் கொடுக்கிறார்கள். நரம்பு அறுவை, தோல், பிளாஸ்டிக் சர்ஜரி மாதிரி போட்டி அதிகமான துறைகளில் டிஓக்கள் இன்றும் குறைவு. அந்த ஆய்வும் வயதான உள்நோயாளிகளைப் பற்றியது, தனிப் பட்டம் எதற்கு என்கிற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

வார்டு டாக்டர்:
போட்டித் துறைகள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் தனிக் கல்லூரிகள் எதற்கு என்று கேட்டீர்களே, கென்டக்கி மலைப்பக்கம் டிஓ கல்லூரி இருக்கிற பைக்வில்லுக்குப் போய்ப் பாருங்கள். டிஓக்களில் பாதிக்கும் மேல் குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் என்றுதான் போகிறார்கள். டாக்டரே வராத ஊர்களுக்கு இவர்கள் போகிறார்கள்.

கடன் கணக்கு:
இரண்டு பேரும் பட்டத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், கல்லூரியைப் பாருங்கள். பல டிஓ கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. மூன்றாம் வருடம் வந்ததும் மாணவர்கள் ரொட்டேஷனுக்கு, அதாவது மருத்துவமனைகளில் துறை துறையாகச் செய்யும் பயிற்சிக்கு, ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கவேண்டும், சில இடங்களில் ரெசிடென்ட் டாக்டர்களே இருக்க மாட்டார்கள், பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள ஆள் இல்லை. கொலராடோவின் ராக்கி விஸ்டா மாதிரி லாப நோக்கில் தொடங்கியவையும் உண்டு. உங்கள் மிச்சிகன் ஸ்டேட்டில் ஒரே பல்கலைக்கழகத்திலேயே எம்டி, டிஓ இரண்டு கல்லூரிகளும் இருக்கின்றன, அது வேறு கதை. கிடைத்திருப்பது எந்த மாதிரி? கட்டணம், வாடகை, வட்டி எல்லாம் போட்டுப் பார்த்தீர்களா?

மிச்சிகன் அப்பா:
தனியார் கல்லூரிதான். ரொட்டேஷன் எங்கெங்கே என்று பட்டியல் கேட்டு எழுதியிருக்கிறோம். அவளுக்குக் குழந்தை மருத்துவம்தான் ஆசை.

ஆதாரம் எங்கே:
குழந்தை மருத்துவம் என்றால் நானும் சேர்க்கத்தான் சொல்வேன் சார், ஒரு வருடத்தை வீணாக்காதீர்கள். ஆனால் அழுகிற பச்சைக்குழந்தையின் தலையைப் பிடித்துச் சரிசெய்யலாம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தால், எந்தச் சோதனையில் நிரூபித்தார்கள் என்று எழுந்து கேட்கச் சொல்லுங்கள்.