எங்கள் குடும்பம்: அண்ணாவின் கடலோர வீடு

சனிக்கிழமை

பெரியண்ணா: எல்லோருக்கும் ஒரு செய்தி. அடுத்த வருடம் எனக்கு வேலை முடிகிறது. அண்ணியும் நானும் பாரிஸ் குளிரை விட்டு மத்தியதரைக் கடல் பக்கம் போய் இருக்கப் போகிறோம். பாரிஸ் பக்கம் லா குர்னெவில் இருக்கும் எங்கள் வீட்டை விற்றுக் கடனைக் கழித்தால், எல்லாச் செலவும் சேர்த்து 190,000 யூரோ வரை போகலாம். எங்கே வாங்குவது? மனதில் இருப்பதைச் சொல்லுங்கள்.

சின்னக்கா லண்டன்: நல்ல முடிவு அண்ணா! என்னைக் கேட்டால் ஸ்பெயின்தான். டொரெவியேஹாவில் இரண்டு படுக்கையறை, பெரிய பால்கனி, நீச்சல் குளம், 165,000. படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு வெள்ளைக்காரக் குடும்பங்கள் அந்தப் பக்கம் வாங்கியிருக்கின்றன.

அத்தான் லண்டன்: வெள்ளிக்கிழமைக்குள் 3,000 யூரோ கட்டினால் வீட்டைப் பிடித்து வைப்பதாக ஏஜென்ட் சொல்கிறார். பாதிப் பணம் நாங்களும் போடுகிறோம் மச்சான். வருடத்தில் பாதி நீங்கள், பாதி நாங்கள்.

பெறாமகள்: மாமா, அப்பா, தயவுசெய்து இப்போதைக்கு ஒரு சதமும் அனுப்பவேண்டாம். நான் வேலை செய்யும் நொத்தாரிசு கந்தோரில் இப்படி அவசரப்பட்டுக் கட்டிவிட்டு வருபவர்களைப் பார்க்கிறேன். பிரான்சில் வாங்குகிறவர் முன்னொப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும் 10 நாள் அவகாசம் உண்டு. காரணமே சொல்லாமல் விலகலாம், பணம் முழுக்கத் திரும்பி வரும். ஸ்பெயினில் அப்படி இல்லை. அங்கே அர்ராஸ் என்று ஒரு ஒப்பந்தம் போடுவார்கள், வழக்கமாக விலையில் 10 வீதம் கட்டவேண்டும். நாங்கள் பின்வாங்கினால் அது போய்விடும். விற்கிறவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தரவேண்டும்.

பெறாமகள்: பணம் கட்டுவதற்கு முன்னால் காணிப் பதிவேட்டில் இருந்து நோட்டா சிம்ப்ளே எடுக்கவேண்டும். வீடு யார் பெயரில் இருக்கிறது, அடமானம் இருக்கிறதா என்று அதில் தெரியும். கட்டடத்தின் பொதுப் பராமரிப்புக்குக் கட்டவேண்டிய சார்ஜ் பாக்கி இல்லை என்ற சான்றிதழும் வேண்டும். பழைய உரிமையாளர் கட்டாமல் விட்டிருந்தால், இந்த வருடத்து பாக்கியும் அதற்கு முந்தைய மூன்று வருடத்து பாக்கியும் புதிதாக வாங்குகிறவரின் வீட்டைத் தொடரும்.

சின்னக்கா லண்டன்: அதற்குத்தானே வக்கீல் பிடிப்பது? எத்தனையோ பேர் வாங்கி நன்றாக இருக்கிறார்கள் பிள்ளை.

நான்: உண்மைதான் அக்கா, ஸ்பெயின் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 165,000 என்பது 165,000 அல்ல. பழைய வீடு கைமாறும்போது கட்டும் வரி அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மலகா இருக்கும் அந்தலூசியாவில் 7 வீதம். டொரெவியேஹா வலென்சியா மாநிலத்தில் வருகிறது, அங்கே 10 வீதமாக இருந்தது, 2026 யூன் முதல் 9. அதற்கு மேல் நொத்தாரிசு, பதிவு, வக்கீல். பிரான்சில் பழைய வீட்டுக்கு எல்லாம் சேர்த்து 7, 8 வீதம் வரும்.

அத்தான் லண்டன்: நாங்கள் இல்லாத மாதங்களில் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விட்டால் அந்தச் செலவு வந்துவிடும் அல்லவா?

பெறாமகள்: 2025 ஏப்ரல் 3 முதல் ஸ்பெயினில் புதிதாக அப்படி விடுவதற்குக் கட்டட உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் சம்மதிக்கவேண்டும் மாமா.

பெரியண்ணா: வாடகைக்கு விடும் எண்ணம் எனக்கு இல்லை. அது நாங்கள் வாழப் போகிற வீடு.

சின்னக்கா லண்டன்: அங்கே வீடு வாங்கினால் எங்களுக்கு விசா கிடைக்கும் என்று கேள்விப்பட்டேனே?

பெறாமகள்: அது 500,000 யூரோவுக்கு மேல் வாங்குபவர்களுக்கு இருந்தது மாமி. அதையும் அதே ஏப்ரல் 3 அன்று நிறுத்திவிட்டார்கள். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு மட்டும் இருந்தால் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். சொந்த வீடு இருந்தாலும் அதேதான், ஸ்பெயினிலும் பிரான்சிலும் ஒரே கணக்கு.

சின்னக்கா லண்டன்: அப்படியென்றால் பாதி வருடம் என்று நாங்கள் போட்ட திட்டத்தைக் கொஞ்சம் மாற்றத்தான் வேண்டும்.

அண்ணி: எல்லோரும் கதைக்கிறீர்கள், நானும் ஒன்று சொல்கிறேன். முப்பது வருடமாகத் தட்டுத்தடுமாறிப் பிரெஞ்சு பழகியிருக்கிறேன். முழங்கால் எங்கே நோகிறது, எப்போது நோகிறது என்று மருத்துவருக்கு இன்னொருவர் துணை இல்லாமல் இப்போதுதான் சொல்ல முடிகிறது. அறுபது வயதில் ஸ்பானிய மொழியில் மறுபடி தொடங்க என்னால் முடியாது. வெயில் வேண்டும்தான், மச்சாள். ஆனால் அவசரத்துக்கு அம்புலன்சைக் கூப்பிட எனக்கே தெரியவேண்டும்.

பெறாமகள்: பிரெஞ்சு பென்ஷன்காரர் ஸ்பெயினில் குடியேறினால் எஸ்1 என்ற படிவத்தோடு அங்குள்ள மருத்துவ உரிமை கிடைக்கும், அது பிரச்சினை இல்லை. ஆனால் அம்மா சொல்வதற்குப் படிவம் இல்லை.

நான்: எனக்கும் அதுதான் பெரிய காரணமாகத் தெரிகிறது. இன்னொன்று, டொரெவியேஹாவில் ரயில் நிலையமே இல்லை. அண்ணா இன்னும் பத்து வருடம் கார் ஓட்டுவார். அதற்குப் பிறகு?

பெரியண்ணா: சரி, பிரான்சுக்குள்ளேயே பார்ப்போம். நான் இரண்டு வீடு குறித்து வைத்திருக்கிறேன் தம்பி. ஒன்று பெர்பினியன் பக்கம் கானேயில் கடலுக்கு நேர் முன்னால் எட்டாம் மாடி. மற்றது கான் நகருக்குப் பக்கத்தில் மான்டெலியூவில், ஆற்றங்கரையில், தரைத்தளம், நிலத்தடியில் கார் நிறுத்த இடம். அறை சின்னது, ஆனால் படி ஏறத் தேவையில்லை.

நான்: மான்டெலியூ தரைத்தளம் வேண்டவே வேண்டாம் அண்ணா. 2015 ஒக்டோபர் 3 இரவு அந்தப் பக்கம் பெய்த மழையில் 20 பேர் இறந்தார்கள். மான்டெலியூவில் நிலத்தடி நிறுத்தத்தில் இருந்து காரை வெளியே எடுக்க இறங்கியவர்கள் அங்கேயே மூழ்கினார்கள். கோடை முழுக்கச் சூடான கடலில் இருந்து ஈரக்காற்று கிளம்பி மலையில் முட்டுகிறது, சில மணி நேரத்தில் ஒரு பருவத்து மழையைக் கொட்டிவிடுகிறது. 2024 ஒக்டோபர் 29 அன்று வலென்சியாவில் 220 பேருக்கு மேல் இறந்ததும் இப்படி ஒரு இலையுதிர்கால மழையில்தான். ஓகஸ்ட்டில் வீடு பார்க்கப் போகிறவருக்கு அந்த ஆறு காய்ந்த வாய்க்கால் போலத் தெரியும்.

அண்ணி: கடவுளே. அந்த வீட்டைப் பட்டியலில் இருந்து இப்போதே அழித்துவிடுங்கள்.

பெறாமகள்: அப்பா, ஜியோரிஸ்க் என்று அரசாங்கத் தளம் இருக்கிறது. முகவரியைப் போட்டால் வெள்ளம், காட்டுத்தீ, சுவரை வெடிக்கவைக்கும் களிமண் எல்லாம் காட்டும். விற்கிறவரும் ஆபத்து அறிக்கை தந்தே ஆகவேண்டும். இனி முதலில் அதைப் பார்ப்போம், படங்களைப் பிறகு பார்ப்போம்.

பெரியண்ணா: கானே?

நான்: இதற்குக் கொஞ்சம் நீளமாக எழுதவேண்டும். நான் இந்தக் கரை முழுக்கக் குளிரூட்டி பூட்டித் திரிபவன், வீடுகளின் உள்ளும் புறமும் பார்க்கிறேன். 1963இல் அரசாங்கமே திட்டம் போட்டு இந்தக் கரையில் ஊர்களைக் கட்டியது. லா கிராந்த் மொத், கப் தாக்த், கிரூய்சான், லெக்காத், பர்காரெஸ், செயின்ட் சிப்ரியன் எல்லாம் அப்படி வந்தவை. விடுமுறைக்கு வருகிறவர்களுக்காகக் கட்டிய ஊர்கள். கானே அதற்கு முந்தியது, ஆனால் கடற்கரைப் பக்கம் அங்கும் அதே கதைதான். ஜனவரியில் நான் வேலைக்குப் போகும் கட்டடங்களில் பத்து சன்னலுக்கு ஒன்றில்தான் வெளிச்சம் இருக்கும். பேக்கரிகூடப் பல இடங்களில் பூட்டியிருக்கும்.

நான்: இரண்டாவது, கட்டடத்தின் வயது. அறுபது எழுபதுகளில் போட்ட கொங்கிரீட்டுக்குள் உப்புக்காற்று புகுந்து கம்பி துருப்பிடித்து வீங்குகிறது, பால்கனி விளிம்பு பெயர்ந்து விழுகிறது. திருத்தச் செலவை எல்லா உரிமையாளரும் பங்கிடவேண்டும். வெளிச்சுவரில் குளிரூட்டிப் பெட்டி தொங்கவிடவும் உரிமையாளர் கூட்டத்தின் அனுமதி வேண்டும், கிடைக்காமல் எத்தனையோ பேர் கோடையில் வேகிறார்கள். விளம்பரத்தில் ‘கபின்’ என்று எழுதியிருந்தால் இரண்டாவது அறை என்று நினைத்துவிடாதீர்கள், வாசலோரம் இரண்டடுக்குக் கட்டில் போட்ட சன்னல் இல்லாத மூலை அது.

பெறாமகள்: சித்தப்பா சொல்வது எல்லாம் கடைசி மூன்று வருடத்து உரிமையாளர் கூட்டக் குறிப்புகளில் இருக்கும். சுவர், கூரை, லிஃப்ட் என்று பெரிய வேலைக்கு ஏற்கெனவே வாக்களித்திருந்தால், அந்தக் காசை யார் கட்டுவது என்று முன்னொப்பந்தத்திலேயே எழுதுவிக்கவேண்டும்.

பெரியண்ணா: தண்ணீர்ப் பிரச்சினை என்று கேள்விப்பட்டேன்.

நான்: ஓம் அண்ணா, பெர்பினியன் மாவட்டம் 2022இல் இருந்து கடும் வறட்சியைக் கண்டது. 2023 மே மாதம் வீட்டில் வைக்கும் நீச்சல் தொட்டி விற்பதையே தடைசெய்தார்கள். வார் மாவட்டத்தில் ஃபயன்ஸ் பக்கம் ஒன்பது ஊர்கள் தண்ணீர் இல்லாததால் புது வீடு கட்ட அனுமதி கொடுப்பதை நிறுத்தின. அதோடு ட்ரமொந்தான் என்ற பலத்த காற்று. அது வீசும் நாளில் எட்டாம் மாடி பால்கனியில் அண்ணி ஒரு துணி காயப்போட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை

சின்னக்கா லண்டன்: இரவு இவரும் நானும் கதைத்தோம் அண்ணா. எங்கே வாங்கினாலும் பாதிப் பணம் போட நாங்கள் தயார். அண்ணி விரும்பும் இடத்திலேயே வாங்குங்கள்.

பெறாமகள்: மாமி, உங்கள் மனதுக்கு நன்றி. ஆனால் இதையும் கேளுங்கள். இரண்டு பேர் பெயரில் வாங்கினால் விற்பதற்கு இரண்டு பேரும் சம்மதிக்கவேண்டும். பிறகு இரு பக்கத்துப் பிள்ளைகளும் பங்காளிகள் ஆகிவிடுவோம், ஒருவர் பிரிக்கச் சொன்னால் மற்றவர் தடுக்க முடியாது. என் மச்சான்மாரோடு வீட்டுக் கணக்குக் கதைக்க எனக்கு விருப்பமில்லை.

பெரியண்ணா: பிள்ளை சொல்வது சரி. வீடு எங்கள் பெயரில் இருக்கட்டும். உங்களுக்கு ஒரு அறை எப்போதும் உண்டு.

அத்தான் லண்டன்: அது போதும் மச்சான். ஏஜென்டுக்கு இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

நான்: அப்போது நான் சொல்வது செத் என்ற ஊர். மொன்பெலியேயில் இருந்து ரயிலில் இருபது நிமிடம் அளவுதான், பாரிசுக்கு நேரடி டிஜிவி அதிவேக ரயில் உண்டு. அது விடுமுறைக்காகக் கட்டிய ஊர் அல்ல, துறைமுக ஊர். பெப்ரவரியிலும் சந்தை நடக்கும், பள்ளிக்கூடம் இருக்கும், ஆஸ்பத்திரி இருக்கும். படகில் வந்த மீன் அன்றே கிடைக்கும். கார் இல்லாமல் வாழலாம். பெரிய சிகிச்சை என்றால் மொன்பெலியே பல்கலைக்கழக ஆஸ்பத்திரி பக்கத்தில்.

சின்னக்கா லண்டன்: குறையே இல்லையா தம்பி?

நான்: இருக்கிறது அக்கா. 190,000க்குள் செலவும் அடங்கவேண்டும் என்றால் வீட்டு விலை 175,000தான், அதற்கு ஒரு படுக்கையறைதான் கிடைக்கும், கடல் தெரியாது. விருந்தாளிக்கு வரவேற்பறையில் மடிப்புக் கட்டில். சென் கிளேர் குன்றின் சரிவில் காட்சி அழகு, ஆனால் முழங்காலுக்கு ஆகாது. கால்வாய்ப் பக்கம் சமதரை, அங்கே இரண்டாம் மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யும் கட்டடமாகப் பார்க்கவேண்டும். மார்செய்யான் பக்கம் போகும் மணல் திட்டில் வாங்கவேண்டாம், கடல் அரித்ததால் அங்கே ரோட்டையே உள்ளே தள்ளிப் போட்டார்கள்.

அண்ணி: கடல் சன்னலில் தெரியாவிட்டால் நடந்து போய்ப் பார்ப்பேன். பேரப்பிள்ளைகள் ரயிலில் தனியாக வரலாம் என்பதுதான் எனக்குப் பெரிது. பாரிஸ் லாச்சப்பல் பிள்ளையார் தேருக்கும் நாங்கள் ரயிலேறிப் போய்வரலாம்.

பெரியண்ணா: பெப்ரவரி கடைசி வாரம் லீவு போடுகிறேன். ஒரு வாரம் அங்கே அறை எடுத்து இருந்து பார்ப்போம்.

நான்: நிலையத்தில் வந்து ஏற்றுகிறேன். மூன்று கட்டடம் காட்டுகிறேன், மூன்றிலும் நான் வேலை செய்திருக்கிறேன். மின்சாரக் கட்டணச் சீட்டும் கேட்டு வாங்குவோம், பழைய வீடுகளில் குளிர்காலச் செலவு அதில்தான் தெரியும்.

சின்னக்கா லண்டன்: நாங்களும் வருகிறோம். எங்கள் 90 நாளில் ஒரு வாரம்.

பெறாமகள்: அப்பா, அந்த மூன்று கட்டடத்தின் முகவரியையும் சித்தப்பாவிடம் வாங்கி எனக்கு அனுப்புங்கள். கூட்டக் குறிப்புகளை நான் இப்போதே கேட்டு வைக்கிறேன்.